ஆமை புகுந்த எங்கள் வீடு

நேற்று தண்ணீர் கேன் போட ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது. தோளில் கேனோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். கதவைத் திறந்த பொடியன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி, "அம்மா, தண்ணி அங்கிள் வந்துட்டாரு" என்று கத்தினான்.

அங்கிள்! எனக்கு இன்னும் இருபத்திரண்டு முடியவில்லை.

ஆனால் யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் தப்பில்லை. என் வயதுக் கிழவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். ஒருத்தனுக்கு நெற்றி ஏறிவிட்டது. ஒருத்தன் பைக்கிலிருந்து இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறான். "நம்ம காலத்துல" என்று ஆரம்பிக்கிற உரிமை நமக்கும் வந்தாயிற்று. எனவே ஆரம்பிக்கிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் எழுதுவது, பிழை இருக்கும். பிழை கண்டுபிடிக்கிற அளவுக்கு நீங்களும் படிக்கவில்லை, அது ஒரு நிம்மதி.

நாம் பூதம் பிடித்துத் திரிந்த வருடம் ஞாபகம் இருக்கிறதா? பெரிய வெள்ளம் வந்து போனதற்கு அடுத்த வருடம். எனக்குப் பதினொரு வயது. ஆவடியில் பாக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். போனைத் திறந்தால் நம் தெருவே வரைபடமாக விரியும். நாம் நடந்தால் அதற்குள் ஒரு பொம்மைப் பையனும் நடப்பான். திடீரென்று போன் அதிரும், ஒரு குட்டிப் பூதம் முளைக்கும். பந்தை விரலால் தள்ளி அதன் மேல் போட்டால், பந்து அதை விழுங்கிக்கொள்ளும். பந்து மூன்று முறை ஆடி அடங்கினால் பூதம் நம்முடையது. அடங்காவிட்டால் பந்தும் போச்சு, பூதமும் போச்சு.

குவார்ட்டர்ஸில் எலியும் புறாவும்தான் வரும். வீட்டுக்குள்ளும் அவைதான், போனுக்குள்ளும் அவைதான். என்னிடம் நாற்பது எலிகள் சேர்ந்துவிட்டன.

எனக்கு வேண்டியது ஆமை. நீல உடம்பு, முதுகில் பழுப்பு ஓடு, பன் போலச் சுருண்ட வால், எதற்கும் கவலைப்படாத ஒரு சிரிப்பு. வாயைத் திறந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும். அதை வளர்த்தால் அண்ணனாகும். இன்னும் வளர்த்தால் அப்பாவாகும், ஓட்டுக்குள்ளிருந்து இரண்டு குழாய்களை நீட்டிக்கொண்டு. அந்த அப்பாவுக்கு நாம் வைத்த பெயர் தண்ணி லாரி.

அது எனக்கு ஏன் அவ்வளவு வேண்டியிருந்தது என்று நீங்கள் அப்போது கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். முந்தின மழையில் கீழ் வீடுகளில் தண்ணீர் கட்டிலுக்கு மேல் ஏறியது. அடுத்த கோடையில் குழாயைத் திறந்தால் காற்று வந்தது. விடியற்காலையில் அடி பம்பிலிருந்து மூன்று மாடிக்குக் குடம் தூக்கியது நான். தண்ணீர் என்பது தன் இஷ்டத்துக்கு வரும், தன் இஷ்டத்துக்குப் போகும் என்றுதான் எனக்குத் தெரியும். சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் தண்ணீர் அடிக்கிற ஒரு ஜந்து என் கையில் இருந்தால் எப்படி இருக்கும்!

போன் அப்பாவுடையது. கண்ணாடியில் ஒரு மூலை விரிசல், அதன் மேல் செலோ டேப். டேப்பின் ஓரத்தில் ஒட்டியிருந்த அழுக்கு ஒரு கறுப்பு நூல் போலத் தெரியும். இப்போதும் கண்ணை மூடினால் அந்த டேப் என் கட்டைவிரலில் நெருடுகிறது. "எத்தனை அடி நடந்தேன்னு போன் எண்ணும்பா" என்று சொல்லித்தான் காலையில் வாங்கிக்கொண்டு போவேன். அப்பாவுக்கு ஒரே பெருமை. திருநெல்வேலியிலிருந்து வந்து முப்பது வருடம் ஆகியும் பேச்சு மாறாத மனிதர். பாக்டரியில் எல்லோரிடமும், "நம்ம பய காலைல வாக்கிங் போறாம்லா, நமக்குத்தான் சோம்பேறித்தனம்" என்று சொல்லியிருக்கிறார். அவரோடு வேலை பார்த்தவர்கள் தங்கள் பிள்ளைகளை என்னைக் காட்டித் திட்டியிருக்கிறார்கள். அதற்காக என்னை அடித்தவர்களும் உங்களில் இருக்கிறார்கள்.

இன்னொருவரும் என்னைத் தப்பாகக் கணக்குப் போட்டார். பாக்டரி மதில் ஓரம் நின்ற செக்யூரிட்டி அண்ணன். ஆட்டத்தில் கீழே ஒரு மூலையில் நிழல் படங்கள் வரும். பக்கத்தில் எந்தப் பூதம் இருக்கிறது என்று காட்டும். அதன் கீழே காலடித் தடங்கள். ஒரு தடம் என்றால் மிகப் பக்கம், மூன்று என்றால் தூரம். அன்று முதன்முறையாக ஆமையின் நிழல் வந்தது, மூன்று தடத்தோடு. நானும் பக்கத்து பிளாக்காரனும் போனை மதிலைப் பார்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தோம். விசில் சத்தம்.

"ஏய், இன்னாத்த போட்டோ புடிக்கிறீங்க? யாருடா அனுப்புனது உங்கள?" என்றார் செக்யூரிட்டி அண்ணன்.

பக்கத்து பிளாக்காரன் பயத்தில் உண்மையைச் சொல்லிவிட்டான். "ஆமைண்ணா."

"ஆமையா? எங்க?"

"மதிலுக்கு அந்தாண்டண்ணா."

எங்களை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போவார் என்று நினைத்தேன். அவர் லத்தியை மதிலில் சாய்த்துவிட்டு, ஒரு கல்லின் மேல் ஏறி, எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இறங்கி வந்து, "பூட்ச்சு போல. ஓடுங்கடா" என்றார்.

இப்படியாக ஆமை கிடைக்காமலே சில மாதங்கள் ஓடின. அப்பா ரிடயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அப்பா சைக்கிளிலேயே பல ஏரியா அலைந்து, கடைசியில் கோவில்பதாகையில் ஏரிப் பக்கமாக ஒரு கீழ் வீடு பார்த்தார். ஓனரம்மா மேலே இருந்தார். பரம்பரையாக அங்கே நிலம் வைத்திருந்த குடும்பம். இப்போது நாம் நடக்கிற நாலு தெருவும் ஒரு காலத்தில் அவர்கள் நெல் வயல்தான். நிலமெல்லாம் மனைகளாகிப் போன பிறகு மிச்சம் இருந்தது அந்த வீடும், அவருடைய குரலும். குரல் தெருக்கோடி வரைக்கும் பாயும். அவர் வீட்டுக்காரருக்கு நசரத்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை.

வீடு பார்க்கப் போன அன்று ஓனரம்மா இரண்டே கண்டிஷன் போட்டார். "செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. அப்பால, பால் காய்ச்சாம ஒரு சாமானும் உள்ள வரக் கூடாது. நல்ல நேரம் பாத்துக் காய்ச்சிட்டு வாங்க." எங்கள் அம்மாவுக்கு அந்த இரண்டாவது கண்டிஷன் ரொம்பப் பிடித்துவிட்டது. "நல்ல முறை தெரிஞ்ச பொம்பளை" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. வீடெல்லாம் புதுப் பெயின்ட், இளம் பச்சை. ஆனால் ஜன்னல் மட்டத்துக்குச் சுவரைச் சுற்றி ஒரு கோடு, பெயின்ட்டுக்கு உள்ளேயிருந்து, பால் டம்ளரில் ஆடை ஒட்டின மாதிரி தெரிந்தது. வெள்ளம் வந்த கோடு. அதை அக்காவிடம் காட்டினேன். அக்கா காலேஜ் இரண்டாம் வருடம், எல்லாம் தெரியும் என்று நினைப்பவள். "ஆவடில கோடு இல்லாத வீடு எதுடா?" என்றாள். அதுவும் சரிதான்.

பால் காய்ச்சுகிற நாள் ஒரு புதன்கிழமை. காலை பத்தரைக்குள் நல்ல நேரம். சாயந்திரம் ஐந்து மணிக்குள் குவார்ட்டர்ஸ் சாவியை ஆபீஸில் கொடுத்துவிட வேண்டும். அதனால் விடிந்ததுமே பீரோ, கட்டில், மிக்சி, அம்மாவின் ஊறுகாய் ஜாடிகள் எல்லாவற்றையும் குட்டி யானை என்கிற சின்ன லாரியில் ஏற்றிவிட்டோம். பழைய வீட்டில் இருந்தது ஒரு விளக்குமாறு மட்டும். பக்கத்து பிளாக்காரன் உதவிக்கு என்று வந்து, வண்டியின் பின்னால் பிரிட்ஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துகொண்டான். அவன் செய்த உதவி அவ்வளவுதான்.

கோவில்பதாகை வீட்டு வாசலில் வண்டி நின்றது. பால் பொங்கும் வரை எதுவும் இறங்கக் கூடாது. டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா புது அடுப்பை மேடையில் வைத்து, புதுப் பாத்திரத்தின் கழுத்தில் மஞ்சள் கொம்பைக் கட்டி, பாலை ஊற்றினாள். அக்கா தீக்குச்சி கிழித்தாள். ஓனரம்மா தலைக்குக் குளித்து, ஈர முடியில் துண்டோடு சமையலறை நிலைப்படியில் நின்றார். புதுப் பெயின்ட், மஞ்சள், சூடாகிற பால், எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை. அப்பா சாமி படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றதால் போன் என்னிடம் இருந்தது.

நான் கூடத்தில் நின்றேன். போன் அதிர்ந்தது.

நீல உடம்பு. பழுப்பு ஓடு. தடமே இல்லை, நிழல் இல்லை, முழுசாக என் முன்னால். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வாசலில் நின்ற பக்கத்து பிளாக்காரனைப் பார்த்து, என்னால் முடிந்த மட்டும் கத்தினேன்.

"டேய்! ஆமைடா! ஊட்டுக்குள்ள ஆமை பூந்துடிச்சிடா!"

சமையலறையில் கரண்டி விழுந்தது. அதற்குப் பின்னால் ஓனரம்மாவின் குரல்.

"மறுபடியுமா?"

ஒரே ஒரு வார்த்தை. சொன்ன உடனே அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் அம்மா திரும்பிவிட்டாள்.

"மறுபடியுமான்னா? அப்பம் முன்ன ஒரு மட்டம் வந்திருக்கா?"

ஓனரம்மா பாலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்தார்.

"வெள்ளத்தப்போம்மா" என்றார். அந்தப் பெரிய குரல் எங்கே போனதென்றே தெரியவில்லை. "ஏரித் தண்ணி உள்ள பூந்துச்சு. தண்ணி வடிஞ்சப்ப பாத்தா, தோ, இந்த மேடைக்குக் கீழ குந்திகினு இருந்துச்சு. இம்மாம் பெருசு. அப்ப குடியிருந்தவங்க அன்னிக்கே ஊட்டக் காலி பண்ணிட்டாங்க. அதுலேர்ந்து பூட்டித்தான் கெடக்குது. சொன்னா யாருமா வருவாங்க?"

அம்மா அடுப்பை அணைத்தாள். பால் பொங்குவதற்கு ஒரு விரல்கடை இருந்தது. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்" என்று ஆரம்பித்தவள், மிச்சத்தைச் சொல்லப் பயந்து முடிக்காமல் விட்டாள். "நான் இந்த வீட்டுல ஒரு சொளவு கூட எறக்க மாட்டேன்" என்றாள். சொளவு என்றால் திருநெல்வேலியில் முறம்.

"அப்பம் எங்க போறது?" என்றார் அப்பா, சாமி படத்தைக் கீழே வைக்காமலே. "அஞ்சு மணிக்குச் சாவியக் குடுக்கணும். ரோட்டுலயா நிக்க?"

"ரோட்டுல ஆமை வராதுல்லா."

நான் பதறிப்போய், "அம்மா, நெஜ ஆமை இல்லம்மா, போன்ல வந்த ஆமை" என்றேன். அக்காதான் எனக்கு உதவுவதாக நினைத்துக் காரியத்தைக் கெடுத்தாள். "இது வெறும் கேம் ஆன்ட்டி. பொம்மை. பாருங்க" என்று சொல்லிப் போனைப் பிடுங்கி, கேமராவைத் தட்டி, சமையலறைப் பக்கம் திருப்பினாள்.

கேமராவில் அடுப்பு தெரிந்தது. மஞ்சள் கொம்பு தெரிந்தது. பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில், மேடை மேல், ஆமை உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது.

அம்மா போனைப் பார்த்தாள். மேடையைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். "பொம்மைன்னா அது எதுக்குட்டி நம்ம அடுப்பு மேல இருக்கு?" என்றாள்.

"கண்ணுக்குத் தெரியல, போனுக்குத் தெரியுது" என்றார் ஓனரம்மா. "அப்ப இது போன தபா வந்ததோட ஆவியா இருக்குமோ?" நன்றாகப் பார்க்க அவர் மேடைக்கு அந்தப் பக்கம் போனார். இப்போது கேமராவில் ஆமை அவருடைய தோள் மேல் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து பிளாக்காரன் சிரித்தான் பாருங்கள், அதற்கு அப்புறம் யார் சொன்னதும் எடுபடவில்லை.

சத்தம் கேட்டு டிரைவர் அண்ணன் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். "ஆமை கெடக்கட்டும்மா. வாசல்ல யானை நிக்குது, அத இன்னா பண்றது? சாமானை எறக்குறீங்களா, திருப்பிக்கினு போவட்டுமா?"

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் ஒரு வழி தெரிந்தது.

"நான் அதைப் புடிச்சிடுறேன்" என்றேன். "புடிச்சா ஊட்ல இருக்காது."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அதற்கு முன்னாலும் பின்னாலும் பெரியவர்கள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. ஓனரம்மா கேட்டார்: "புடிப்பியா கண்ணு?"

என்னிடம் இரண்டு பந்துகள் இருந்தன. முதல் பந்தை வீசுகிற நேரம் பார்த்து அம்மா, "பைய, பைய" என்று என் முழங்கையைப் பிடித்தாள். பந்து பாத்திரத்துக்கு மேலே பறந்து எங்கோ போய்விட்டது. "விடுட்டி அவன" என்று அப்பா அதட்டினார். இரண்டாவது பந்தை ஊசியில் நூல் கோக்கிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினேன். நடு மண்டையில் விழுந்தது. ஆமை உள்ளே போனது. பந்து தரையில் விழுந்து ஆட ஆரம்பித்தது. ஒன்று. இரண்டு.

போன் மணி அடித்தது.

பந்து மறைந்து, திரை முழுக்க அப்பாவின் பாக்டரி சிநேகிதர் முகம். அப்பா சாமி படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனை வாங்கி, "ஆங், சொல்லும்... இல்ல, இன்னும் காய்ச்சல... ஒரு ஆமை... பொறவு சொல்லுதேன்" என்று வைத்தார். நான் திரும்ப வாங்கிப் பார்த்தால் ஆட்டம் உறைந்து நின்றது. மூலையில் ஒரு வெள்ளைப் பந்து சுற்றிக்கொண்டே இருந்தது. பிடித்தேனா, விட்டேனா, யாருக்கும் தெரியாது. ஆட்டத்தை விட்டு வெளியே வந்து மறுபடி உள்ளே போக வேண்டும். அங்கே நெட் வருவது கார்ப்பரேஷன் தண்ணீர் வருகிற மாதிரிதான், சொட்டுச் சொட்டாக. ஆறு பேர் ஒரு செலோ டேப் ஒட்டின போனைச் சுற்றி நின்றோம். டிரைவர் அண்ணனும் நின்றார். அவர்தான் முதலில் பார்த்தார். "மாட்டிக்கிச்சு மாமே!"

நாற்பது எலிகளுக்கு மேலே, முதல் கட்டத்தில், என் ஆமை.

நான் குதித்தேன். அப்பா சாமி படத்தை ஒருவழியாகக் கீழே வைத்தார். அம்மா தீப்பெட்டியை எடுத்தாள். அப்போது ஓனரம்மா நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்.

"இப்ப அது எங்க கீது?"

"போனுக்குள்ள."

"போனு எங்க கீது?"

நான் என் கையைப் பார்த்தேன். எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் யாரும் என்னை இவ்வளவு சரியாக மடக்கியதில்லை.

"அப்ப ஆமை ஊட்டுக்குள்ளதான கீது?" என்றார் ஓனரம்மா. அம்மா தீப்பெட்டியை வைத்துவிட்டாள். "ஏரில கொண்டுபோயி வுட்டுட்டு வரணும். நானும் வரேன்."

"வாலே" என்றாள் அம்மா என்னிடம்.

ஏரி அங்கிருந்து இரண்டு தெரு. ஊர்வலம் மாதிரிப் போனோம். முன்னால் போனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நான். பின்னால் இரண்டு அம்மாக்கள். அதற்கும் பின்னால், "போச்சுடா, போச்சுடா, உன் ஆமை போச்சுடா" என்று மெதுவாகப் பாடிக்கொண்டு பக்கத்து பிளாக்காரன். கரையில் எருமை படுத்திருந்தது. ஆகாயத்தாமரை பாதி ஏரியை மூடியிருந்தது. மீதித் தண்ணீரில் காலை வெயில் எண்ணெய் மாதிரி மிதந்தது. சேறும் சாணியும் கலந்த ஒரு குளிர்ந்த வாடை.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? வழியிலேயே திட்டம் போட்டுவிட்டேன். பிடித்த பூதத்தைத் திரும்ப அனுப்பிவிடுகிற ஒரு பொத்தான் ஆட்டத்தில் உண்டு, அது இங்கிலீஷில் இருக்கும். அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் எறும்பு எழுத்து தெரியாது. ஓனரம்மாவுக்கு எது எலி, எது ஆமை என்று தெரியப் போவதில்லை. நாற்பதில் ஒரு எலியை அனுப்பிவிட்டு, "போயிடுச்சு" என்று சொன்னால் முடிந்தது. வீடும் கிடைக்கும், ஆமையும் இருக்கும். எலியைத் திறந்து வைத்துக்கொண்டு, பொத்தானுக்கு மேலே கட்டைவிரலை வைத்துவிட்டேன்.

ஓனரம்மா என் பக்கத்தில் குந்தினார். அம்மாவுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"போன தபா வந்துச்சே, அத யாரோ கோணில கட்டி எடுத்துகினு போனாங்க கண்ணு. ஏரில வுட்டுர்றோம்னு சொன்னாங்க. நான் கூடப் போவல. பயம். வுட்டாங்களா, துன்ட்டாங்களான்னு இன்னிவரிக்கும் தெரியல." அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இது அதும் புள்ளையா இருக்குமோ? அம்மாவத் தேடிகினு வந்திருக்குமோ?"

அது கம்ப்யூட்டரில் யாரோ வரைந்த படம் என்று எனக்குத் தெரியும். அந்த வயதில் எனக்குத் தெரிந்த சில விஷயங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வரவில்லை. எலியை மூடினேன். ஆமையைத் திறந்தேன். அது அதே சிரிப்போடு நின்றது. அனுப்பு என்று அழுத்தினேன். நிச்சயம்தானா, அனுப்பினால் திரும்ப வராது என்று ஆட்டம் ஒரு தரம் கேட்டது. அந்தக் கேள்விக்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன். பிறகு அதையும் அழுத்தினேன்.

"பூட்ச்சா?" என்றார் ஓனரம்மா.

"பூட்ச்சு."

கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஆகாயத்தாமரை ஓரத்தில், தண்ணீரில் ஒரு வட்டம் விரிந்தது. மீனாக இருக்கும். தவளையாக இருக்கும். "தோ போவுது பார், போவுது பார்" என்று ஓனரம்மா எழுந்து நின்று கையை நீட்டினார். அம்மா நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தாள். "ஆமா, போவுது" என்றாள். நானும் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் ஏதோ போகிற மாதிரிதான் இருந்தது.

திரும்பி வந்து பாலைக் காய்ச்சினார்கள். இந்த முறை பொங்கி, மேடையெல்லாம் வழிந்து, தரை வரை வந்தது. அப்படி வழிந்தால் ரொம்ப நல்லது என்று இரண்டு அம்மாக்களும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். டிரைவர் அண்ணனுக்கு இரண்டு டம்ளர் கொடுத்தோம். ஓனரம்மா எனக்குத் தன் கையால் சர்க்கரையை அள்ளிப் போட்டார், கரண்டி கூட இல்லாமல். அவ்வளவு தித்திப்பான பாலை நான் அதற்கப்புறம் குடிக்கவில்லை. அப்பா ஐந்து மணிக்குள் சாவியைக் கொடுத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு நடந்தே வந்தார்.

ஓனரம்மாவைப் பயந்தாங்கொள்ளி என்றும் ஏமாற்றுக்காரி என்றும் அன்று அம்மா நினைத்தாளாம். ஒரு வாரம் கழித்து அப்பாவிடம் சொன்னதைக் கேட்டேன். ஒரு மாதம் கழித்து இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து ஒரே முறத்தில் அரிசி புடைத்தார்கள். அந்த வீட்டிலிருந்துதான் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. இன்னமும் அங்கேதான் இருக்கிறோம். இத்தனை வருடத்தில் இரண்டு பெரிய மழை வந்தது. தண்ணீர் வாசல்படி வரை வந்து, யோசித்து, திரும்பிப் போய்விட்டது.

ஆனால் பக்கத்து பிளாக்காரன் சும்மா இருப்பானா? ஒரு ஆமையைப் பிடித்து, அதை ஏரியில் விட்ட கதையை ஆவடி முழுக்கச் சொல்லிவிட்டான். மறுநாளே எனக்குப் பெயர் வைத்துவிட்டீர்கள். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது. நீங்கள் தினமும் சாயந்திரம் வாசலில் பைக்கை நிறுத்தி, ஹாரன் அடித்து, கொஞ்சமும் கூச்சமில்லாமல் கத்துகிறீர்கள்.

"ஆமை கீதா ஊட்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாடியிலிருந்து ஓனரம்மாவின் குரல் தெருக்கோடி வரைக்கும் பாய்கிறது.

"உள்ளதான் கீது! துன்னுகினு கீது, குந்து, வரும்!"